தேர்ச்சி சதவீதம் பள்ளியை அளக்கிறதா, பிள்ளைகளின் வீட்டை அளக்கிறதா?

சாக்பீஸ் (இழையைத் தொடங்கியவர்)

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் டூ முடிவு வந்த அன்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இரண்டு படங்களைப் போட்டார். ஒன்று, பக்கத்து மெட்ரிக் பள்ளி வாசலில் கட்டிய பிளக்ஸ்: 100 சதவீதத் தேர்ச்சி. இன்னொன்று, எங்கள் பள்ளியின் தேர்ச்சி விவரம். கீழே ஒரே வரி: "வாங்குகிற சம்பளத்துக்கு இவர்கள் வேலை பார்க்கிறார்களா?" இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அங்கே பதில் சொன்னால் சண்டையாகும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்ததும் எங்கள் ஊரில் பாதித் தெரு காலியாகிவிடும். செங்குன்றம், திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். கரும்பு வெட்டப் போகிறவர்களும் உண்டு. மழை பிடித்துச் சூளை நின்றால்தான் ஊர் திரும்புவார்கள். பொதுத்தேர்வோ மார்ச்சில்.

இந்த வருடம் என் வகுப்பில் ஒரு பையன். அப்பா அம்மா சூளையில். வீட்டில் கண் சரியாகத் தெரியாத பாட்டியும் ஆறாம் வகுப்புப் படிக்கும் தங்கையும். காலையில் இவன்தான் சோறு வடித்து, தங்கைக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டு வருவான். பிப்ரவரியில் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வாங்கிய முன்பணத்துக்குக் கல் அறுத்தாக வேண்டுமே, இவன் போய்விட்டான். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் இரவு பஸ் ஏறி வந்து சேர்ந்தான். வேதியியல் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிப்பெட்டைப் பிடித்திருந்த விரல்நுனியெல்லாம் வெடித்து, நகத்தடியில் செம்மண் அப்பியிருந்தது. கரைசல் சரியான கோட்டில் நிற்கக் கை ஒத்துழைக்கவில்லை. ஆறு பாடங்களில் ஐந்தில் தேறிவிட்டான். கணக்கில் போய்விட்டது.

அவனையும், அப்பா அம்மா இருவரும் பட்டதாரிகளாக உள்ள வீட்டில் மாலை டியூஷன் போய் வரும் பிள்ளையையும் ஒரே பட்டியலில் வைத்து, இந்தப் பள்ளி நல்லது, அந்தப் பள்ளி மோசம் என்று சொல்வது சரிதானா? மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.


நெல்வயல்

சார், அந்தப் பையனைப் பற்றிப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் நீங்கள் வைக்கிற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் 1996-ல் இதே மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன். அம்மா களையெடுக்கப் போவார். அப்பா இல்லை. வீட்டில் கரண்டும் இல்லை, சிம்னி விளக்குதான். எங்கள் இயற்பியல் வாத்தியார் சைக்கிளில் தெருத் தெருவாக வருவார். விளக்கு எரியாத வீட்டின் முன்னால் நின்று பெல் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் படுத்திருப்பவன் எழுந்து உட்கார்ந்து புத்தகத்தை எடுத்துவிடுவான். வறுமை எங்களை விடவில்லை, அவரும் விடவில்லை.

இன்று என் மகள் தனியார் பள்ளியில் படிக்கிறாள். கட்டணம் கட்ட ஒவ்வொரு ஜூனிலும் நகை அடகுக்குப் போகிறது. பெருமைக்காகப் போட்ட பணம் இல்லை அது. முதலில் அரசுப் பள்ளியில்தான் சேர்த்தேன். ஜூனிலிருந்து அக்டோபர் வரை அறிவியலுக்கு ஆளில்லை. கேட்டால் "மாறுதலில் போய்விட்டார், வேறு ஆள் போடவில்லை" என்றார்கள். அரையாண்டுத் தேர்வு வந்தபோது இரண்டே பாடம் நடந்திருந்தது. ஆசிரியர் இல்லாததற்கும் என் வீட்டு நிலைமைக்கும் என்ன தொடர்பு? பிள்ளைகளின் வீட்டைக் காட்டிக் காட்டியே பள்ளிக்கூடத்தின் குறைகளை மூடிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.


எண்கணக்கு

இருவரும் சொந்த அனுபவத்தைச் சொன்னீர்கள். நான் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெளியிட்ட எண்களை வைக்கிறேன்.

பிளஸ் டூவில் மாநிலத் தேர்ச்சி 2023-ல் 94.03 சதவீதம், 2024-ல் 94.56. அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் 2024-ல் 91.02. அதாவது மாநிலச் சராசரிக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் இடைவெளி மூன்றரைப் புள்ளி. அதே ஆண்டு மாணவிகள் 96.44, மாணவர்கள் 92.37. இங்கே இடைவெளி நான்கைத் தாண்டுகிறது. 2023-ல் இன்னும் அதிகம்: 96.38-க்கு 91.45.

இதில்தான் சாக்பீஸ் சாரிடம் எனக்கு ஒரு கேள்வி. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள். அதே வறுமை, அதே படிக்காத பெற்றோர், அதே சாதி, அதே தெரு. வீடுதான் மதிப்பெண்ணை முடிவு செய்கிறது என்றால், ஒரே வீட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது?

அடுத்தது எல்லோருக்கும். இந்தச் சதவீதத்தை எதை வைத்து வகுக்கிறார்கள் என்று பாருங்கள். தேர்வு எழுதியவர்களை வைத்து மட்டும்தான். 2023 மார்ச்சில் பிளஸ் டூ முதல் நாள் மொழித்தாளுக்கு 50,000-க்கும் அதிகமானோர் வரவில்லை. பெரிய செய்தியானது, சட்டசபை வரை போனது. பெயர்ப்பட்டியலில் ஏறத்தாழ எட்டரை லட்சம் பேர் இருந்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 7,55,451. பட்டியலில் உள்ள எல்லோரையும் கொண்டு வகுத்தால் 94 என்பது 89-க்குக் கீழே இறங்கிவிடும். வராத அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியின் பிளக்ஸிலும் இல்லை.


சாக்பீஸ்

எண்கணக்கு சார், நீங்கள் கேட்ட கேள்விக்கு என் வகுப்பறையிலேயே பதில் இருக்கிறது. வீடு ஒன்றுதான், ஆனால் வீடு அவர்களிடம் கேட்பது வேறு. பதினாறு வயதுப் பையன் என்றால் நாளைக்கு 600, 700 ரூபாய் சம்பாதிக்கக்கூடிய ஆள். பெயின்ட் அடிக்கக் கூப்பிடுவார்கள், கேட்டரிங்குக்குக் கூப்பிடுவார்கள், முகூர்த்த நாளில் பெஞ்சே காலியாக இருக்கும். பெண்பிள்ளைக்கு வீட்டை விட்டு வெளியே போக இருக்கிற ஒரே வழி பள்ளிக்கூடம். படிப்பு நின்றால் கல்யாணம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் படிக்கிறாள்.

வராத 50,000 பேரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பெரும்பாலோர் 2021-ல் கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்பு எழுதாமலே தேர்ச்சி பெற்ற அணி. பிளஸ் ஒன்னில் பெயரைச் சேர்த்தோம், பாதியில் வேலைக்குப் போய்விட்டார்கள். பெயரை நீக்கினால் இடைநிற்றல் கணக்கு ஏறும் என்று நாமினல் ரோலில், அதாவது தேர்வுப் பெயர்ப்பட்டியலில், அப்படியே வைத்திருந்தார்கள்.

நெல்வயல் அண்ணா, 1996-ல் உங்கள் பெஞ்சில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மணியக்காரர் பையன், தபால்காரர் பெண், கூட்டுறவு சொசைட்டிச் செயலாளர் பையன், வாத்தியாரின் பிள்ளைகளே கூட இருந்திருப்பார்கள். யாராவது ஒருவன் வீட்டில் அகராதி இருந்திருக்கும். ஆசிரியர் வரவில்லை என்றால் மணியக்காரர் வந்து சத்தம் போட்டிருப்பார். இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் காலை ஏழரைக்கு மஞ்சள் வேனில் போய்விடுகிறார்கள். போதாததற்குக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. நல்ல நோக்கம்தான். ஆனால் விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் எல்லாம் வாங்கி, அலையத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் அதில் போய்விடுகிறார்கள். ஏழைகளிலும் நாதியற்றவர்கள்தான் எங்களிடம் மிச்சம்.


மலர் அம்மா

நான் அதிகம் படித்தவள் இல்லை, பத்தாவது வரைதான். அந்த 100 சதவீதம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

என் பையன் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்பதாவது வரை ஒரு தனியார் பள்ளியில் படித்தான். ஒன்பதாவது முழுப்பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார்கள். "அடுத்த வருடம் பப்ளிக் எக்ஸாம், உங்க பையன் தாங்கமாட்டான், வேறு பள்ளியில் சேர்த்தால் அவனுக்கு நல்லது" என்றார்கள். பதினோரு வருடம் பீஸ் கட்டும்போது தாங்கினான். நான் அழுதேன். டிசி ஏற்கெனவே டைப் அடித்து மேசையில் இருந்தது. "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அரசுப் பள்ளியில் போய் நின்றோம். ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். பத்தாவதில் அறிவியலில் ஃபெயில், துணைத் தேர்வில் எழுதித் தேறினான். அவன் ஃபெயில் அந்த அரசுப் பள்ளியின் கணக்கில் ஏறியது. பதினோரு வருடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கு அந்த வருடமும் நூறு.


நெல்வயல்

அம்மா, உங்களுக்கு நடந்தது அநியாயம். தனியார் பள்ளிகள் எல்லாம் உத்தமம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

சாக்பீஸ் சார், மஞ்சள் வேனைப் பற்றிச் சொன்னீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், ஒரு கேள்வி. உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?


சாக்பீஸ்

தனியார் பள்ளியில். மகன் எட்டாம் வகுப்பு.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் இழையைத் தொடங்கினேன். நானும் அந்த வேனில் பிள்ளையை ஏற்றி அனுப்புகிறவன்தான். வீட்டில் இதைப் பற்றிப் பல முறை பேச்சு நடந்திருக்கிறது. "உங்க பள்ளிக்கூடத்துல அவன்கூட உட்கார்ந்து இங்கிலீஷ் பேச யார் இருக்கா?" என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டதும் கூடப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான், ஆசிரியர்களைப் பற்றி இல்லை. நான் செய்தது சரி என்று வாதாட வரவில்லை.


கரிசல்

விருதுநகர்க்காரன் நான். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன், இனி முடியவில்லை.

எங்கள் மாவட்டம் வானம் பார்த்த பூமி. தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுத் திரி சுற்றியும் பிழைத்த குடும்பங்கள். சாத்தூர், சிவகாசிப் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்னால் விடியற்காலை மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போகும். என் அக்கா அந்த பஸ்ஸில் போனவள். அப்படிப்பட்ட மாவட்டம்தான் பிளஸ் டூவில் ஆண்டுக்கணக்கில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்துக்கொண்டிருந்தது. 2023-லும் 97.85 சதவீதத்தோடு விருதுநகர்தான் முதலிடம். வறுமை என்றால் எங்களுக்கும் வறுமைதான் சார். ஏழை வீட்டுப் பிள்ளை இவ்வளவுதான் வரும் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தால் என் தலைமுறை இன்னும் திரி சுற்றிக்கொண்டிருக்கும்.

வடமாவட்டங்கள் ஏன் வருடா வருடம் கடைசி வரிசையில் நிற்கின்றன என்பதற்கு வறுமையை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் பிளஸ் டூ படிக்கிற வீட்டில் டி.வி. ஓடாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து அணைத்துவிட்டுப் போவார்.


எண்கணக்கு

கரிசல் அண்ணாச்சி, உங்கள் மாவட்டத்தின் சாதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே விருதுநகரில் நாடார் உறவின்முறை என்ற சமூக அமைப்பு பள்ளிக்கூடம் நடத்தியது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்து, அதை விற்று நடத்திய பள்ளி. காமராசர் அங்கே படித்தவர். படிப்பு என்றால் ஊரே சேர்ந்து இழுக்கிற தேர் என்ற பழக்கம் நூறு வருடத்துக்கு மேல் ஊறியிருக்கிறது. கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு கிராமத்துக்கு அந்த நூறு வருடம் கிடைக்கவில்லை. அப்படியானால் நீங்கள் சொன்ன உதாரணமும் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. வருமானத்தை மட்டும் வைத்து அதைப் பார்க்கக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை பழையது. அமெரிக்காவில் 1966-ல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் சுமார் 4,000 பள்ளிகளில் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். கட்டடம், நூலகம், ஆய்வகம் இவற்றைவிடக் குடும்பப் பின்னணியும் கூடப் படிக்கும் பிள்ளைகளும்தான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப் போகின்றன என்றது அந்த அறிக்கை. சாக்பீஸ் சார் பக்கம் நிற்பது போலத் தெரியும். ஆனால் பலர் எடுத்துச் சொல்லாத இன்னொரு பகுதியும் அதில் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் போட்டாலும் ஓரளவு படித்துவிடுகிறது. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான் பள்ளி எப்படி, ஆசிரியர் எப்படி என்பது கூடுதலாக முக்கியமாகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த வகையில் நெல்வயல் அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது. சூளைப் பையனுக்கு ஐந்து மாதம் ஆசிரியர் இல்லாதது, டியூஷன் போகிற பையனுக்கு இல்லாததைப் போல ஆகாது.


முதல்பட்டதாரி

எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் எல்லோரும் "அந்தப் பிள்ளைகள்" என்று பேசுகிறீர்களே, நான் அவர்களில் ஒருத்தி. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்து மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

முதலில் நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ படித்தபோது எங்கள் வேதியியல் மிஸ் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒவ்வொருவருக்கும் மிஸ்டு கால் கொடுப்பார்கள். நாங்கள் எழுந்ததும் திரும்ப ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரே போன், அப்பாவின் பட்டன் போன். அப்பா அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுப்பார். மணி அடித்ததும் "எழும்மா, மிஸ் கூப்பிடுறாங்க" என்பார். மிஸ்ஸுக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது என்பது பிறகுதான் தெரியும்.

ஆனால் ஒன்பதாவதில் நடந்தது இன்னும் மனதில் இருக்கிறது. காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களைப் பிரித்து "மெல்லக் கற்போர்" என்று தனி வரிசையில் உட்கார வைத்தார்கள். நானும் அதில். எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்தார்கள். கணக்கில் வரைபடம், வடிவியல், அப்புறம் ஒரு மார்க் கேள்விகள். "இதை மட்டும் படிங்க, 35 வந்துடும்." மற்ற பாடம் நடக்கும்போது நாங்கள் அந்தக் கட்டைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து வரிசைக்கு முக்கோணவியல் நடத்துவார்கள். நான் தலையைத் திருப்பி போர்டைப் பார்த்துக் காப்பி பண்ணுவேன். ஒரு நாள் சார் பார்த்துவிட்டு, "உனக்கு இது வேண்டாம்மா, குழம்பிப் போயிடுவே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாவம் பார்த்துத்தான் சொன்னார்.

சாக்பீஸ் சார், நீங்கள் நல்ல ஆசிரியர் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் எங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்வது ஒன்று, அதை வைத்து எங்களுக்கு 35 போதும் என்று முடிவு கட்டுவது வேறு. அந்தப் பாவம் பார்த்தல் எனக்கு இரண்டு வருடக் கணக்குப் பாடத்தைத் தின்றுவிட்டது. பொறியியல் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது. அந்த முக்கோணவியலை ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து யூடியூப் பார்த்துத்தான் படித்தேன்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்கு ஊரில் "காலனிப் பள்ளிக்கூடம்" என்று பெயர். ஊர்த்தெருப் பிள்ளைகள் வேனில் போனதற்கு இங்கிலீஷ் மட்டும் காரணம் இல்லை, எங்களோடு உட்கார வேண்டாம் என்பதும் காரணம். 2023-ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது, எல்லோரும் மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். வேனைப் பற்றி யாரும் பேசவில்லை.


சாக்பீஸ்

அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். அந்த ஜெராக்ஸ் கட்டை நானும் கொடுத்திருக்கிறேன். பத்து வருடமாகக் கொடுக்கிறேன். ஜனவரி வந்துவிட்டால் வேறு வழி தெரியவில்லை, கூட்டல் கழித்தலே தடுமாறுகிறவனை எப்படியாவது கரையேற்ற வேண்டும் என்று கொடுப்பது. ஆனால் ஒன்பதாம் வகுப்பு செப்டம்பரில் கொடுப்பது தப்பு. அதற்கு நான் சாக்குச் சொல்லமாட்டேன்.


பழைய ஹெச்.எம்.

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இவ்வளவு திறந்த மனதோடு பேசும்போது நான் மட்டும் ஒளித்து வைத்தால் நியாயமில்லை.

மே மாத முடிவுக்குப் பிறகு முதன்மைக் கல்வி அலுவலர் தேர்ச்சி மீளாய்வுக் கூட்டம் போடுவார். மாவட்டத்து ஹெச்.எம்.கள் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். சராசரிக்குக் கீழே போன பள்ளியின் பெயரைப் படிப்பார்கள், அந்த ஹெச்.எம். எழுந்து நிற்க வேண்டும். பாடவாரியாகக் காரணம் கேட்பார்கள். "சார், பிள்ளைகள் சூளைக்குப் போய்விட்டார்கள்" என்று சொன்னால், "அதெல்லாம் எல்லா ஊரிலும் இருக்கு" என்று பதில் வரும். நான் இரண்டு வருடம் தொடர்ந்து நின்றேன். ஐம்பத்தைந்து வயதில், என்னிடம் படித்தவர்களே அதிகாரிகளாக உட்கார்ந்திருக்கும் அரங்கில்.

மூன்றாவது வருடம் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து மூன்று மாணவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டேன். "இந்த வருடம் எழுத வேண்டாம், அடுத்த வருடம் தனித்தேர்வராக எழுதட்டும்" என்றேன். கைகட்டி நின்று கேட்டார்கள், "நீங்க சொன்னா சரிங்க சார்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவரும் எதிர்த்துக் கேட்கவில்லை. அந்த வருடம் பள்ளி 96 தொட்டது. கூட்டத்தில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

மலர் அம்மாவிடம் தனியார் பள்ளி செய்ததைத்தான் நான் செய்தேன். சம்பளம் அரசிடம் வாங்கிக்கொண்டு செய்தேன். மூவரில் ஒருவர்கூட அடுத்த வருடம் தேர்வு எழுதவில்லை. ஒருவன் எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் பழவண்டி வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் இன்றும் எழுந்து நிற்கிறான், காசு வாங்க மறுக்கிறான். அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஆகவே நெல்வயல் தம்பிக்குச் சொல்கிறேன். ஆசிரியரைக் கேள்வி கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். தேர்ச்சி சதவீதத்தை வைத்து மட்டும் கேட்காதீர்கள். அந்த எண்ணை உயர்த்தச் சொன்னால் அதற்குச் சுலபமான வழி எங்களுக்குத் தெரியும், அந்த வழியில் போகிறவன் பலவீனமான பிள்ளையைத்தான் முதலில் வெளியே தள்ளுவான்.


எண்கணக்கு

அய்யா, இதை எழுத மனத்துணிவு வேண்டும். நன்றி.

2017-லேயே மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த கல்வியாண்டிலேயே பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளைத் தடுக்கத்தான் அது. இப்போது அந்தத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். எதை அளந்தாலும் அந்த அளவுக்கு ஏற்ப நடந்துகொள்ளப் பள்ளிகள் பழகிவிடுகின்றன. நல்ல எண்ணத்தில் தொடங்கிய மாதிரிப் பள்ளிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. மாவட்டம் முழுக்க அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஒரே இடத்தில் தங்க வைக்கிறார்கள். அவர்கள் ஐ.ஐ.டி. போகும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் விட்டுவந்த வகுப்பறையில் கேள்வி கேட்க இருந்த ஒரு குரல் போய்விட்டது.

என் யோசனை ஒன்றே ஒன்று. எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் தகவல் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்தார்கள், நடுவில் டிசி வாங்கியவர்கள் எங்கே போனார்கள், பத்தாவதில் 200 எடுத்தவர் பிளஸ் டூவில் எவ்வளவு எடுத்தார். இதைப் பள்ளிவாரியாக, தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்து வெளியிடட்டும். டிசி கொடுத்து அனுப்பிய பிள்ளையின் முடிவில் பழைய பள்ளிக்கும் பங்கு போடட்டும். மலர் அம்மா சொன்ன பள்ளியின் நூறு அன்றைக்கே காணாமல் போகும்.


நெல்வயல்

பங்கு போடுகிற யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் இன்னொரு பத்தி வேண்டும்: எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை. 2022-ல் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது முதுகலை ஆசிரியருக்கு மாதம் 12,000 என்றார்கள். கொத்தனாருக்குக் கூட அதைவிட அதிகம். அந்தச் சம்பளத்துக்கு வந்தவரும் வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டார். பிள்ளைகளின் வீட்டைப் பற்றி இவ்வளவு விவரமாகக் கணக்கெடுக்கிற அரசு, காலியாக இருக்கும் நாற்காலியையும் கணக்கெடுத்துப் பெற்றோருக்குக் காட்டட்டும். இதில் நான் ஒரு அடிகூடப் பின்வாங்கமாட்டேன்.

சாக்பீஸ் சார், அந்தப் பையன் துணைத் தேர்வு எழுதுகிறானா?


சாக்பீஸ்

காலி இடப் பத்தி கட்டாயம் வேண்டும் அண்ணா, அதில் உங்களோடு நிற்கிறேன்.

பையனுக்கு விண்ணப்பம் நானே போட்டுவிட்டேன். துணைத் தேர்வு ஜூன் கடைசியில். சூளை நிற்க ஜூலை ஆகும் என்கிறார்கள். முன்பணம் இன்னும் தீரவில்லை, அதனால் விடமாட்டேன் என்கிறார் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை செங்குன்றம் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இருபது நாள் கிடைத்தால் போதும். ஜெராக்ஸ் கட்டு கொடுக்கப் போவதில்லை, கணக்கில் முதல் பாடமான அணிகளிலிருந்து ஒழுங்காகத் தொடங்குவேன்.


நெல்வயல்

ஞாயிறு காலை நானும் வருகிறேன். திண்டிவனத்தில் ஏறிக்கொள்கிறேன், எத்தனை மணிக்கு என்று மட்டும் தனிச்செய்தியில் சொல்லுங்கள். மேஸ்திரிகளிடம் பேசிப் பழக்கம் உண்டு எனக்கு.